பாக் லைனைத் தாண்டினால் போதும்

(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரிடம் வாசகர் கேள்விகள்)

கேள்வி: ஒவ்வொரு புது வருஷமும் நடைப்பயிற்சி தொடங்குகிறேன். பொங்கலைத் தாண்டுவதில்லை. ஷூ வாங்கியதுதான் மிச்சம். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தினமும் எப்படி மனசு வருகிறது சார்?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அவர்களுக்கும் தினமும் மனசு வருவதில்லை அம்மா. 31 வருஷம் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றவன் சொல்கிறேன். மாநிலப் போட்டி வரை போன பையன்களும் மார்கழிக் காலையில் போர்வையை இழுத்து மூடத்தான் செய்வார்கள். ஆனால் ஐந்தரைக்கு நான் விசில் ஊதுவேன். அதற்கு முன்பே கூட்டாளி சைக்கிளோடு வாசலில் வந்து நிற்பான். வேறு வழியில்லாமல் எழுந்து வருவார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரோடு என்பதெல்லாம் முதல் நாளே முடிவாகியிருக்கும். காலையில் எழுந்து உட்கார்ந்து ‘இன்றைக்குப் போகலாமா’ என்று யோசிக்கும் வேலையே அவர்களுக்குக் கிடையாது.

எனக்கே இது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. நான்கு மாதம் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, சர்க்கரை ஏறியது. ஒழுங்கு என் உடம்பிலேயே ஊறிவிட்டது என்று அத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அது பள்ளிக்கூட மணியில் இருந்திருக்கிறது. மணி நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

சரி, வேறு மணி தேடினேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் ஐந்தேகாலுக்கு வருவார், சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பார். பாலை வாங்கி அடுப்படியில் வைத்த கையோடு, காப்பிக்கு முன்னால், வாசல் படியில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவை மாட்டுவது என்று வைத்துக்கொண்டேன். ஷூ நிலைப்படிக்கு வெளியே, காலுறை அதன் உள்ளே; எதையும் தேட வேண்டியதில்லை. இடது கால் முடிச்சு, வலது கால் முடிச்சு. இரண்டையும் போட்டு எழுந்துவிட்டால் கால் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் போய்விடும். அந்த முடிச்சு வரைக்கும்தான் எனக்குக் கஷ்டம்.

அடுத்தது, எவ்வளவு தூரம் என்பது. அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் நம் சீமைக்காரர், கபடி தெரியாத தெரு இங்கே கிடையாது. அதனால் கபடிக் கணக்கிலேயே சொல்கிறேன். எதிரணிப் பக்கம் பாடப் போகிறவர் யாரையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்பலாம், அதில் குற்றமில்லை. ஆனால் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கிற பாக் லைனை ஒரு தடவையாவது தாண்டியிருக்க வேண்டும். தாண்டாமல் வந்தால் ஆள் அவுட். உங்கள் நடைக்கும் அப்படி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மழை தூறுகிறதா, வீட்டில் விருந்தாளியா? தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புங்கள். அன்றைய கணக்கு சரி. எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடக்க நினைத்ததால்தான் பொங்கலோடு நின்றுபோயிற்று என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: அரசுத் தேர்வுக்காக அதிகாலையில் படிக்கிறேன். இரண்டு நாள் விட்டுப்போனால் வெறுத்துப்போய் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடுவதில்லை.
— வாசகர், தென்காசி

பதில்: தம்பி, புரோ கபடி பார்ப்பீர்கள்தானே? ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில், அதாவது பாடப் போனதில், புள்ளி இல்லாமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டு ‘டூ ஆர் டை’. அதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் பாடியவர் வெளியே போக வேண்டும். முதல் இரண்டு வெறும் ரெய்டுக்காக எந்தப் பயிற்சியாளரும் தலையில் கை வைத்துக்கொள்வதில்லை. நீங்களும் அந்த இரண்டு நாளை விட்டுத்தள்ளுங்கள். மூன்றாம் நாள் மட்டும் வீடே இடிந்தாலும் உட்காருங்கள். விட்டுப்போன பாடத்தையும் சேர்த்துப் படிக்கிறேன் என்று அன்றைக்கு இறங்க வேண்டாம், அது ஆளை அமுக்கிவிடும். அப்புறம், அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவரை உள்ளே கொண்டுவருவது கூட ஆடுகிறவர் எடுக்கும் புள்ளிதான். உங்களோடு தேர்வு எழுதுகிற ஒருவரை விடிகாலையில் ஃபோன் போட்டு எழுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: படுக்கையில் ஃபோன் பார்த்தே பன்னிரண்டு மணியாகிவிடுகிறது. இனிமேல் பார்ப்பதில்லை என்று தினமும் சபதம் எடுக்கிறேன்.
— வாசகர், வள்ளியூர்

பதில்: 2004 ஜனவரி, சிட்னி டெஸ்ட். அந்த ஆஸ்திரேலியத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தி சச்சின் ஆட்டமிழந்துகொண்டிருந்தார். சிட்னியில் அந்தப் பந்தை முன்னால் சாய்ந்து அடிக்கிற கவர் டிரைவே ஆடுவதில்லை என்று தீர்மானித்து ஆடினார். அத்தனை பேருக்கும் பிடித்த ஷாட் அது. பந்துவீச்சாளர்கள் வெளியே போட்டு ஆசை காட்டிக்கொண்டே இருந்தார்கள், அவர் விட்டுக்கொண்டே இருந்தார். 436 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 241.

பந்து வந்துகொண்டிருக்கும்போது யோசித்து முடிவெடுக்க முடியாது. தலைமாட்டில் ஃபோன் கிடக்கும்போதும் அப்படித்தான். ஆகவே முடிவை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே எடுங்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கழற்றிக் கூடத்தில் மாட்டிவிடுங்கள். அலாரத்துக்குச் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டு ஃபோன்கள் எல்லாம் ஒன்பது மணிக்குக் கூடத்து ஜன்னல் திட்டில் ஏறிவிடும். லீவுக்குப் பேரன் வந்தால் அவனுடையதும் அங்கேதான்.