முதலுக்கே மோசம் செய்யாத வளர்ச்சி

வாசகர் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்பவர், 31 ஆண்டுகள் அணை, கால்வாய்த் திட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீர்ப் பொறியாளர்.

வளர்ச்சி வேண்டுமா, சுற்றுச்சூழல் வேண்டுமா என்று எங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதித்தோம். கடைசியில், இரண்டையும் சமமாக வைத்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் முடித்துவைத்தார். அது நடக்கிற காரியமா?
*கல்லூரி மாணவி*

நம்மைக் குழப்புவது அந்தத் தராசு உவமைதான். ஒரு தட்டில் தொழிற்சாலை, இன்னொரு தட்டில் காடு. இதைக் கொஞ்சம் குறைத்தால் அது கொஞ்சம் கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் தருவதே அந்தக் காடுதான் என்றால் எதை எதோடு நிறுப்பது?

எனக்குப் பிடித்த கணக்கு முதல், வட்டிக் கணக்கு. காடு முதல், அது வளர்கிற வளர்ச்சி வட்டி. வட்டியை எடுக்கலாம், முதலில் கை வைக்கக் கூடாது. 1713-ல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் இதைத்தான் எழுதிவைத்தார். வெள்ளியை உருக்கக் கரி வேண்டும், சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டும். சுற்றியிருந்த காடுகளோ தீர்ந்துகொண்டே வந்தன. காடு எவ்வளவு வளர்கிறதோ அந்த அளவுக்குள்தான் வெட்ட வேண்டும் என்று அவர் சொன்னது, சுரங்கம் தொடர்ந்து ஓட வேண்டுமே என்ற கவலையில். இன்று நிலைத்த வளர்ச்சி என்று நாம் சொல்கிற சொல்லுக்கு வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கணக்கை மறந்த இடம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல். பெரிய இழுவலைக் கப்பல்கள் வந்திறங்கி, 1968-ல் காட் என்ற கடல்மீனின் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தொட்டது. அவ்வளவும் வரவாகத்தான் எழுதப்பட்டது. 1980-களில் கரையோரம் சிறு படகில் போகிறவர்கள், மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு ஆண்டுக்கு என்று போட்ட தடை 2024 வரை நீண்டது. அங்கே சுற்றுச்சூழல் வந்து வளர்ச்சியைத் தடுக்கவில்லை, வளர்ச்சி என்று நினைத்து அவர்கள் செலவழித்தது கைமுதலையே. முதலுக்கே மோசம் வந்த பிறகு எதைச் சமன் செய்வது?

பணக்கார நாடுகள் காட்டை அழித்து, கரியை எரித்துத்தானே வளர்ந்தன? இப்போது மற்றவர்களைப் பார்த்து நிறுத்து என்பது என்ன நியாயம்?
*சிறுதொழில் நடத்துபவர்*

உங்கள் கோபம் சரியானது. அதை உலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டும் இருக்கிறது. 1992-ல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் பிரகடனத்தில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு ஆளுக்கு ஆள் வேறு என்ற கொள்கை இடம்பெற்றது. அதிகம் கெடுத்தவர் அதிகம் சுமக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கொடுப்பதாகச் சொன்ன பணத்தையும் தொழில்நுட்பத்தையும் கேட்டு வாங்குவது உரிமை. அதில் தயங்கவே கூடாது.

ஆனால் அவர்கள் போன வழியிலேயே நாமும் போகிறோம் என்று சொல்லும்போது, அந்த வழியில் அவர்கள் கொடுத்த விலையையும் பாருங்கள். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாட்கள் கரிப்புகை மூடிக்கிடந்தது. அப்போது போட்ட கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. தூய காற்றுச் சட்டம் வந்தது 1956-ல். பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கம் 1920-களில் தொடங்கியது. ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த விஷயம். கடைசி நாடான அல்ஜீரியாவில் அது நின்றது 2021-ல். இடையில் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு மனது ஆறாது.

முன்னால் போனவர் விழுந்த பள்ளம் நமக்குத் தெரிகிறது. கம்பி வழித் தொலைபேசியே வராத எத்தனையோ கிராமங்கள் நேராகக் கைபேசிக்குத் தாவின. மின்சாரத்திலும் அப்படித் தாவ முடியும். சூரியத் தகட்டின் விலை 2010-க்கும் 2020-க்கும் இடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது. உங்கள் பட்டறைக்கும் அது இன்று கட்டுப்படியாகிற விலையா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெட்டிய மரத்துக்குப் பத்து மடங்கு நட்டுவிடுகிறோம் என்கிறார்களே, அது போதாதா?
*இல்லத்தரசி*

போதாது. நட்ட கணக்கு வேறு, பிழைத்த கணக்கு வேறு. கென்யாவில் 1977-ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய், பெண்களுக்குக் காசு கொடுத்தது பிழைத்து நின்ற கன்றுக்குத்தான். யாராவது பத்து மடங்கு என்று சொன்னால், மூன்று வருடம் கழித்து எண்ணப்போவது யார் என்று கேளுங்கள். எண்ணிக்கை தேறினாலும், ஒரே வகைக் கன்றுகளை வரிசையாக நட்ட இடம் காடு ஆகிவிடாது.

நீங்களே அணை கட்டியவர். கட்டியதற்காக வருத்தப்பட்டதுண்டா?
*ஓய்வு பெற்ற ஆசிரியர்*

உண்டு. இதை எழுத்தில் சொல்வது இதுதான் முதல் முறை.

எனக்கு அப்போது 28 வயது. ஓர் ஆற்றின் கடைசிப் பகுதியில் கதவணை கட்டுவதற்கான திட்ட அறிக்கையில் நீர்க்கணக்கு என் பொறுப்பு. அதில் ஒரு பத்திக்கு நான் வைத்த தலைப்பு, ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’. அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அளவெடுக்கப் போன இடத்தில், முகத்துவாரத்துப் பக்கம் மணல் திட்டில் ஒரு பெரியவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தண்ணியை நிறுத்திப்புட்டா மண்ணு எங்கேருந்து வரும் தம்பி?” என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். அறிக்கையில் வண்டல் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘பாதிப்பு: குறைவு.’ அதற்கு நாங்கள் எடுத்திருந்த அளவு ஒரே ஒரு பருவத்தினுடையது.

கதவணை நல்லபடியாகவே வேலை செய்தது. வயல்களுக்குத் தண்ணீர் போனது, கோடையில் குடிநீர் கிடைத்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தண்ணீருக்காக நடந்த பெண்களை அங்கே பார்த்தவன் நான். பதினொரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அந்த மணல் திட்டு இல்லை. கடல் உள்ளே வந்திருந்தது. சில வீடுகளின் பின்சுவர் அலையில் நின்றது. பெரியவரைப் பற்றி விசாரித்தேன். குடும்பத்தோடு வேறு எங்கோ போய்விட்டார் என்றார்கள்.

இது எங்கள் திட்டத்துக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. 1970-ல் முடிந்த அஸ்வான் பேரணையை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்துக்கு மின்சாரம் தந்தது, 1980-களின் கடும் வறட்சியில் அந்த நாட்டைக் காப்பாற்றியது. அதே அணைதான் நைல் நதி சுமந்துவந்த வண்டலைப் பெரும்பாலும் தன் நீர்த்தேக்கத்திலேயே பிடித்துவைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் சும்மா கிடைத்த வண்டலுக்குப் பதில் உரம் போட வேண்டி வந்தது, நைல் கடலில் கலக்கிற ரொசெட்டா முகத்துவாரத்துக் கடற்கரை அரித்துப்போனது. ஆறு என்பது தண்ணீர் மட்டும் இல்லை, மண்ணும்தான். கடலுக்குப் போகிற நீர் வீணாகப் போகவில்லை. கரையைக் கட்டிக்கொண்டிருக்கிறது, உப்பு நீர் உள்ளே ஏறாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது, மீன் குஞ்சு பொரிக்க இடம் தருகிறது. இதையெல்லாம் வரவாக எழுத எங்கள் படிவத்தில் இடமே கிடையாது. படிவத்தில் இடம் இல்லாததால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று ஆகிவிட்டது.

அதற்காக எதையும் கட்டாதீர்கள் என்கிறேனா? இல்லை. நெதர்லாந்தில் 1993-லும் 1995-லும் ஆறுகள் கரையைத் தொட்டு ஓடின. 1995-ல் சுமார் 2.5 லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் கரையை உயர்த்தி உயர்த்திப் பழகிய நாடு அது. இந்த முறை முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நெய்மேகன் நகரத்தில் கரையையே சுமார் 350 மீட்டர் பின்னால் தள்ளிக் கட்டி, புதிதாக ஒரு கிளைக் கால்வாய் வெட்டினார்கள். ஓவர்டீப்ஸ போல்டர் என்ற இடத்தில், வெள்ளத்தை எங்கள் நிலத்தில் விடுங்கள், வீடுகளை மட்டும் மேடு போட்டு உயர்த்திக் கட்டிக்கொள்கிறோம் என்று யோசனை சொன்னவர்கள் அங்கிருந்த விவசாயிகளே. அதுவும் பொறியியல்தான். ஆனால் முதலில் ஆற்றைக் கேட்டுவிட்டு, அங்கே குடியிருப்பவரைக் கேட்டுவிட்டு, அப்புறம் வரைபடம் போட்ட பொறியியல்.

மின்சார வண்டி, சூரிய மின்சாரம் எல்லாம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?
*தனியார் நிறுவன ஊழியர்*

பெரும்பகுதி குறையும், அதனால் வேகமாக வரட்டும். ஆனால் 1865-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் கவனித்த ஒன்று உண்டு. நீராவி இயந்திரம் திறன் கூடக்கூட, நிலக்கரிச் செலவு குறைவதற்குப் பதில் ஏறியது. மலிவாகிவிட்டதால் புதிது புதிதாக எல்லா இடத்திலும் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். மின்கலத்துக்கும் லித்தியம், கோபால்ட், தாமிரம் எங்கோ தோண்டித்தானே எடுக்க வேண்டும்? தோண்டியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் லாபம் இருக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும்.

பொதுச் சொத்து என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்கிறார்கள். உண்மையா?
*போட்டித் தேர்வு எழுதுபவர்*

எல்லா இடத்திலும் இல்லை. சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்றொரு மலைக்கிராமம். அங்கே 1517-லேயே ஒரு விதி எழுதிவைத்தார்கள்: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டை மட்டும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். எவ்வளவு எளிமையான விதி! அந்த மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகளாக நிலைத்தது. இதுபோன்ற ஊர்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தத் துறையில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். தேர்வுக்காகப் படிப்பதோடு விடாமல், விதியை எழுதியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். அதே நிலத்தில் மாடு மேய்த்தவர்களே எழுதினார்கள், அவர்களே கண்காணித்தார்கள்.

பாழானது எதுவும் மீண்டதாகச் சரித்திரம் உண்டா? நம்பிக்கை போய்விட்டது.
*வாசகர்*

உண்டு. ஓசோன் படலத்தில் ஓட்டை என்று 1985-ல் தெரிந்தது. அதற்குக் காரணமான குளிர்பதன வாயுக்களைக் கைவிட 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது, பிறகு எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஏழை நாடுகள் மாற்றுப் பொருளுக்கு மாற, பணக்கார நாடுகள் தனி நிதியம் வைத்துப் பணம் கொடுத்தன. குளிர்பதனப் பெட்டித் தொழில் அழியவில்லை. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பெரும்பகுதியில் படலம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது விஞ்ஞானிகள் மதிப்பீடு.

ஆரல் கடலையும் சொல்ல வேண்டும். பருத்தி விளைச்சலுக்காக 1960-களிலிருந்து இரண்டு ஆறுகளின் நீரைத் திருப்பியதில், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது வற்றிப்போனது. 2005-ல் கஜகஸ்தான் பக்கம் கோக்கரால் என்ற அணையைக் கட்டி, வடபகுதியைத் தனியாகப் பிரித்தார்கள். நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. தென்பகுதி அப்படியே கைவிடப்பட்டது. 2014-ல் அதன் கிழக்குப் படுகை முழுவதும் காய்ந்துவிட்டது. ஒரே ஏரியில் மீண்டதும் மீளாததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் நம்பிக்கை வைப்பதற்கு வடபகுதி போதும், பயப்படுவதற்குத் தென்பகுதி போதும்.

எங்கள் பகுதிக்கு ஒரு பெரிய திட்டம் வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்போகிறார்கள். எதிர்க்கவா, ஆதரிக்கவா என்றே தெரியவில்லை. போய் என்ன கேட்பது?
*இளைஞர்*

முடிவெடுக்காமல் போவதே நல்லது. முதலில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை வாங்குங்கள். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான சட்டம் தொடங்கிவைத்த வழக்கம் இது. இன்று பெரும்பாலான நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. சுருக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், பின்னிணைப்பைப் புரட்டுங்கள். அளவுகள் எந்தத் தேதிகளில், எத்தனை பருவங்களில் எடுக்கப்பட்டன? ஒரே பருவம் என்றால் நான் செய்த தவறை அவர்களும் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், மாற்று வழிகள் என்ற அத்தியாயம். திட்டத்தை வேறு இடத்தில், வேறு அளவில் செய்வதை உண்மையாகவே ஆராய்ந்திருக்கிறார்களா, அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்களா என்பதை அங்கே கண்டுபிடித்துவிடலாம். லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு, இருவரும் ஒரே ஆட்களா என்று கேளுங்கள். திட்டத்தின் ஆயுள் முடிந்த பிறகு இடத்தைச் சரிசெய்ய ஆகும் பணம் இப்போதே தனியாக வைப்பு வைக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். கெட்டுப்போனால் திரும்ப வரக்கூடியது எது, வராதது எது என்று அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். இதற்கெல்லாம் நேரான பதில் கிடைத்தால் தாராளமாக ஆதரியுங்கள். நல்ல திட்டங்களும் இருக்கின்றன.

ஆற்றிலும் காட்டிலும் வேலை செய்கிற வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவர்களை முதலில் பேச விடுங்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.