ராம்நாட் பக்கம் ரெண்டு நாள், அதுல ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்கு

"சனி ஞாயிறு குடும்பத்தோட ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போறோம், பத்து வயசுப் பையனுக்கு ஃபுட்பால்னா உசுரு, மத்த எதுக்கும் முகத்த தூக்கி வச்சுக்குவான், எப்படி பிளான் போடலாம்?"னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்லயும் அதே கதைதான், அதனால போன ஜூலைல நாங்க போனத அப்படியே சொல்றேன்.

எனக்கு சொந்த ஊரு அந்தப் பக்கம்தான், கீழக்கரை, இப்ப இருக்கறது சென்னைல. வெள்ளிக்கிழமை சேது எக்ஸ்பிரஸ் ஏறி விடியக்காலம் ராம்நாட்ல எறங்குனோம். நேரா ஊருக்குப் போகாம காலை டிபன் முடிச்சுட்டு அரண்மனைக்குத்தான் போனோம். ராமலிங்க விலாசம்னு பேரு, ராம்நாட் ராஜா கிழவன் சேதுபதி கட்டுனது, உள்ள செவுரு பூரா ஓவியம். தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை, வெள்ளைக்காரங்க சேதுபதிய பாக்க வந்தது எல்லாம் வரைஞ்சு வச்சிருக்காங்க. நிறைய பேரு நேரா ராமேஸ்வரம் ஓடிடறாங்க, இத விட்டுடாதீங்க. செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சொல்றோமே, அவரு எங்க கீழக்கரைக்காரரு, இந்த சேதுபதிக்கு அவ்ளோ நெருக்கம்னு பையன்ட்ட சொன்னேன், அப்பதான் நிமிர்ந்து பாத்தான்.

மத்தியானம் பாம்பன். 1914ல தொறந்த பழைய ரயில் பாலமும் 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலமும் ரோட்டுப் பாலத்துல போகும்போதே எங்களுக்குத் தெரிஞ்சுது, புதுசுல கப்பல் வந்தா நடுப்பகுதி அப்படியே செங்குத்தா மேல ஏறும். அங்கருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு, இடிஞ்ச சர்ச் செவுத்த தொட்டுப் பாத்துட்டு அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு, பொழுது சாயறதுக்கு முன்னாடி கெளம்பிட்டோம்.

ஞாயித்துக்கிழமைக்கு எந்த இடமும் வச்சுக்காதீங்க, இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. நாங்க காலைல கீழக்கரைல லாத்தா (அக்கா) வீட்ல இடியாப்பம் கறி, பெறகு தொதல்ங்கற இனிப்பு வாங்க ஒரு நடை, அவ்ளோதான். அஸர், அதாவது சாயங்காலத் தொழுகை முடிஞ்சதும் வாப்பா (எங்க அப்பா) பிளாஸ்டிக் சேர ஒரு கைல தூக்கிட்டு இன்னொரு கைல பையன புடிச்சுட்டு கிரவுண்டுக்கு கெளம்பிட்டாரு. எங்க ஊர்ப் பக்கம் மேட்ச் அஸருக்கும் பொழுது சாஞ்சதும் வர்ற மக்ரிப் தொழுகைக்கும் நடுவுலதான், மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள முடிச்சாகணும், அதனால பாதிக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் வச்சிருந்தாங்க. புல்லெல்லாம் கெடையாது, செம்மண்ணும் கடமணலும் கலந்த தரை. லாத்தாவும் என் வீட்டம்மாவும் எதுத்த வீட்டு மொட்டமாடில இருந்து பாத்தாங்க.

வாப்பா வாலிபத்துல கோல் கீப்பர். அப்புறம் முப்பது வருஷம் சவூதி. அவரு ஆடி நான் ஒரு நாள் கூட பாத்ததில்ல, மேட்ச் பாக்கவாவது அவரோட உக்காந்ததும் இல்ல. அன்னிக்கு டாஸ் போடும்போதே பையன்ட்ட சொன்னாரு, "தம்பி, இப்ப கச்சான் காத்து, மேக்காத்து, தள்ளுது பாரு, டாஸ் ஜெயிச்சவன் காத்த முதுகுல வச்சுக்கிட்டு மொத பாதி ஆடணும், பெறகு வெயில் தாழத் தாழ காத்து அடங்கிரும், எதிராளிக்கு அந்த லாபம் கெடைக்காது." டாஸ் ஜெயிச்ச டீம் அதேதான் கேட்டுச்சு, மொத பாதில ரெண்டு கோல். எதிர் கீப்பர் ஓங்கி அடிச்ச பந்து மேல போய் அப்படியே நின்னு அவரு பக்கமே திரும்புச்சு, பையன் வாயத் தொறந்து பாத்துட்டு இருந்தான். ரெண்டாவது பாதில சொன்னபடியே காத்து செத்துப்போச்சு, ஒரு கோல்தான் திருப்ப முடிஞ்சுது.

டிவில எத்தனையோ மேட்ச் பாக்கறவன், ஆனா காத்து பாத்து பக்கம் எடுக்கறத அவனுக்கு யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. பாங்குக்கு முன்னாடி இருந்த அஞ்சு நிமிஷத்துல வாப்பா அவன் ரெண்டு கையையும் விரிச்சு, கட்டவிரல் ரெண்டையும் ஒட்டவச்சு, "பந்து இந்த சந்துல பூந்து போகக்கூடாது"ன்னு காட்டுனாரு. அவரோட இடது சுண்டுவிரல் கோணலா இருக்கும், சின்னதுலருந்து பாக்கறேன், ஏன்னு நான் கேட்டதே இல்ல. பையன் கேட்டுட்டான். பெனால்டி புடிச்சப்ப மடங்குனதாம். நாப்பது வயசுல எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

டோர்னமென்ட் எப்பன்னு நெட்ல தேடாதீங்க, கீழக்கரைலயோ தொண்டிலயோ டீக்கடைல கேளுங்க, இல்லன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேனர் இருக்கும். நைட் டிரெய்ன் ராம்நாட்ல புடிக்கணும், கீழக்கரைலருந்து 18 கிலோமீட்டர் சொச்சம், நேரம் தாராளமா இருக்கும். மேட்ச் முடிஞ்சதும் பொடிப்பசங்க எல்லாம் உள்ள எறங்கி ஆடுவாங்க, உங்க பையனையும் விடுங்க, ஷூ வேணாம், அங்க எல்லாரும் வெறுங்காலுதான்.