பூஜைக்கு வைத்த அம்மி

அன்புள்ள அண்ணனுக்கு,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வீட்டில் நவம்பரில் ‘தேங்க்ஸ்கிவிங்’ அன்று யாருக்கு எதற்கு நன்றி என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி வாசிப்பார்களாம். நவராத்திரிக்கு நாமும் செய்வோமா என்று மகள் கேட்கிறாள். எனக்கோ சரஸ்வதி பூஜை தொடங்கி தீபாவளி முடியும்வரை வீடு கழுவல், பலகாரம், விருந்தாள், நைட் டியூட்டி என்றே போய்விடுகிறது. நன்றி சொல்ல எங்கிருந்து நேரம் எடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மகள் ஆசைப்பட்டால் சீட்டு எழுதட்டும். ஆனால் அது உங்கள் தலையில் இன்னொரு வேலையாக ஏறக்கூடாது. நம் பக்கத்தில் நன்றி என்பது கையில் இருப்பதைக் கீழே வைப்பதுதான். துர்க்காஷ்டமி மாலையில் உங்கள் மகள் புத்தகத்தைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடமாட்டாள். அதுவரை படி என்று சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை.

என் அப்பா குமரி மாவட்டத்து வேளிமலை அடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். நவராத்திரி சமயம் மழை பிடிக்கும் காலம். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலியும் கிடையாது. ஆயுத பூஜையன்று வானம் தெளிந்திருந்தால் அது இழக்கக்கூடாத நாள். ஆனாலும் முந்தின சாயங்காலமே கத்திப் பிடியில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நகத்தால் சுரண்டி, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிடுவார். மறுநாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைப்பார், எடுப்பார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். அவர் கையை நான் சரியாகப் பார்த்ததே அந்த நாட்களில்தான்.

உங்கள் தம்பி இருக்கும் ஊரிலும் எல்லாம் ஓய்ந்தபின் நன்றி சொல்லிக்கொள்வோம் என்று இருந்துவிடவில்லை. 1863இல் லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தபோது அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. உங்கள் ஊர் வழியாகத்தானே தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் நவராத்திரிக்கு ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள்? பத்மநாபபுரத்திலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரம். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி மூன்றாம் நாள்தான் சேர்கிறார்கள். அத்தனை பஸ்ஸும் லாரியும் ஒதுங்கி நிற்கின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு விஷயம். அப்பாவின் கத்திக்கு ஓய்வு கிடைத்தது, என் புத்தகத்துக்கும் கிடைத்தது. அம்மா அம்மியையும் அரிவாள்மணையையும் கழுவிப் பொட்டு வைப்பாள். வைத்த அரை மணி நேரத்தில் அதே அம்மியில் தேங்காய் அரைப்பாள், பொட்டு கரைந்து துவையலோடு போகும். பல வருஷம் அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், இந்த வருஷம் அடுப்படியையும் பூஜைக்கு வையுங்கள். அவல், பொரி, சர்க்கரை, பழம் என்று அடுப்பு மூட்டாமலே சரஸ்வதிக்குப் படைக்கலாம். விருந்தாள் வந்தாலும் அதையே கொடுங்கள். அன்றைய டியூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வீடு கழுவுவதை ஆண்கள் செய்யட்டும்.

எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் ஓய்வு கொடுக்கத் தொடங்கியது அக்காதான். ஒரு வருஷம் பொட்டு வைத்த அம்மியின்மேல் சிவப்புப் பட்டுத் துணியைப் போட்டு மூடிவிட்டாள். “சும்மா இருந்தா கை வலிக்குல்லா மக்கா” என்று அம்மா இரண்டு தடவை எழுந்து போனாள். இரண்டு தடவையும் அக்கா பிடித்து உட்காரவைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள். அந்த அம்மி அவளுடைய கல்யாணத்துக்குத் திங்கள்சந்தையில் வாங்கியதாம். பஸ்ஸுக்குக் காசில்லாமல் சின்ன மாமா தலைச்சுமையாகவே வீடுவரை கொண்டுவந்தாராம். கழுத்து பிடித்துக்கொண்டு கல்யாணப் பந்தலில் மாமா ஒரு பக்கமாகவே திரும்பி நின்றாராம். அன்றுவரை அம்மா இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றிரவே மாமாவுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தோம்.