நாணயத்தில் இருப்பது அச்சுப் பிழையா, அச்சின் தேய்மானமா?

நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சைச் செய்வதிலோ, அதைக்கொண்டு நாணயம் அடிப்பதிலோ நேர்ந்த தவறுதான் அச்சுப் பிழை. உருவம் ஒரு பக்கமாக நகர்ந்து விழுவது அதில் ஒரு வகை. தேய்மானம் வேறு. ஓர் எஃகு அச்சு லட்சக்கணக்கில் நாணயம் அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் உலோகம் உரசி ஓடுவதால் எழுத்தின் ஓரங்கள் மெல்ல மழுங்கும். ரப்பர் முத்திரை மாதிரிதான்: கோணலாகக் குத்தினால் பிழை, பழசாகி மங்கினால் தேய்மானம்.

ஆளைக் குழப்புவது இரட்டை எழுத்து, அதாவது ஒரே எழுத்து இரண்டாகத் தெரிவது. அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்திருந்தால், உருப்பெருக்கியில் இரண்டும் தனித்தனியாக, முனைகளில் பிளவோடு தெரியும். தேய்ந்த அச்சென்றால் எழுத்து ஊதி, ஓரம் கலங்கி, வெறும் நிழல்போல இருக்கும்.

அப்புறம், எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலே அரிய நாணயம் என்று பலர் நினைக்கிறார்கள். பல சமயம் அது வெறும் தேய்மானம்தான்.