முதுகுக் கோடு அழிந்துபோனால் கொசுவை எப்படி இனம் காண்பது?

கேள்வி: ஏடிஸ் எஜிப்டி, ஏடிஸ் அல்போபிக்டஸ் இரண்டுமே கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி உள்ளவைதான். இரண்டுமே டெங்குவைப் பரப்புகின்றன. அப்படியிருக்க, பிரித்துப் பார்த்து என்ன பயன்? எப்படிப் பிரிப்பது?

பதில்: பயன் உண்டு. எஜிப்டி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தங்கும். தண்ணீர்த் தொட்டி, பூச்சாடித் தட்டு, பழைய டயர் போன்றவற்றில் முட்டையிடும். அல்போபிக்டஸும் டயரை விடாது. ஆனால் செடி கொடி அடர்ந்த வெளிப்புறத்தை அதிகம் நாடும். மரப்பொந்து, வெட்டிய மூங்கில் அடிக்கட்டை, இலைக்கக்கம் வரை அதற்கு இடமுண்டு. எது என்று தெரியாமல் வீட்டுக்குள் மட்டும் தேடினால் பாதி வேலைதான் நடக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் முதுகை நேர் மேலிருந்து பாருங்கள். இரு ஓரங்களிலும் வளைந்த வெள்ளைக் கோடுகள், நடுவே இரண்டு மெல்லிய கோடுகள் என யாழ் போலத் தெரிந்தால் எஜிப்டி. நட்டநடுவே ஒரே வெள்ளிக் கோடு ஓடினால் அல்போபிக்டஸ். மூன்று ஜோடிச் சிறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் இரண்டும் அல்ல. அது பாறைக்குழிகளில் வளரும் ஏடிஸ் விட்டாட்டஸ்.

கேள்வி: நான் பிடித்த கொசுக்களின் முதுகு வழுக்கையாக இருக்கிறது. கோடே இல்லை. என்ன செய்வது?

பதில்: அந்தக் கோடுகள் தோலின் நிறம் அல்ல, மேலே ஒட்டியிருக்கும் செதில்கள். விரல் பட்டாலே உதிரும். அடித்துப் பிடித்தாலோ, பருத்திப் பஞ்சில் வைத்தாலோ, சாராயத்தில் (எத்தனாலில்) போட்டாலோ போய்விடும். கொசுவை உலர்ந்த குப்பியில் பிடித்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு மெல்லிய இடுக்கியால் காலைப் பற்றி எடுங்கள். முதுகைத் தொடக் கூடாது.

ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதா? வேறு மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலில் பெண்தானா என்று பாருங்கள். உணர்கொம்பு அடர்ந்த இறகு போலிருந்தால் ஆண், அதை ஒதுக்கிவிடுங்கள். பெண்ணில், உறிஞ்சுகுழல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே சிறு மேடு இருக்கும். அதில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருந்தால் எஜிப்டி; வெறும் கறுப்பாக இருந்தால் அல்போபிக்டஸ். அடுத்து நடுக்காலின் தொடை: முன்பக்கம் நீளவாக்கில் வெள்ளைக் கோடு எஜிப்டிக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. மூன்றாவதாக மார்பின் பக்கவாட்டில் பின்பகுதி: அங்குள்ள வெள்ளைத் திட்டுகள் எஜிப்டியில் தனித்தனியாக நிற்கும், அல்போபிக்டஸில் ஒன்றுசேர்ந்து 'வி' போலாகும். ஒரே அடையாளத்தை நம்பிப் பெயர் எழுதாதீர்கள். இரண்டாவது ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: புழுவிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், கூட்டுப்புழுவாவதற்கு முந்தைய நான்காம் பருவப் புழுவாக இருந்தால். அதற்கு முந்தைய பருவங்களில் முடிகளும் முட்களும் முழுமையாக அமைந்திருக்காது. அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். உயிரோடு சாராயத்தில் போட்டால் புழு சுருங்கிக் கறுத்துவிடும். 60 டிகிரி அளவு வெந்நீரில் ஒரு நிமிடம் விட்டு, பிறகு 80 சதவீத சாராயத்துக்கு மாற்றுங்கள்.

நுண்ணோக்கியில் எட்டாவது வயிற்றுக் கண்டத்தைப் பக்கவாட்டில், 100 மடங்கில் பாருங்கள். ஒரே வரிசையில் சுமார் 8 முதல் 12 சிறு செதில்கள் சீப்புப் பல் போல நிற்கும். ஒவ்வொரு பல்லிலும் நடுமுள்ளின் இரு பக்கமும் தடித்த கிளைமுட்கள் இருந்தால் எஜிப்டி. ஒற்றை முள்ளும் அடியில் மெல்லிய இழைகளும் மட்டுமென்றால் அல்போபிக்டஸ். மார்பின் பக்கங்களில் தடித்த கறுப்புக் கொக்கிகள் தெரிந்தாலும் எஜிப்டிதான். மற்றதில் அவை மிகச் சிறியவை.

உடல் தடிமனாக இருந்து பல் மங்கலாகத் தெரிந்தால், அழகான வழி ஒன்று இருக்கிறது. புழுக்களை ஒவ்வொன்றாகத் தனிக்குப்பியில், வலை மூடி வளருங்கள். கூட்டுப்புழுவானதும் அது கழற்றிப்போடும் தோலை ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, கண்ணாடி மூடியிட்டுப் பாருங்கள். ஒளி ஊடுருவுவதால் பற்கள் தெளிவாகத் தெரியும். சுமார் இரண்டு நாளில் கொசு வெளிவரும். செதில் நிறம் உறுதிப்பட ஒரு நாள் விட்டு, உறைபகுதியில் வையுங்கள். ஒரே கொசுவின் இரு பருவச் சான்றும் கையில் இருக்கும். வளர்த்த கொசு ஒன்றுகூட வெளியே தப்பக் கூடாது.

கேள்வி: சாக்கடைக் குட்டையில் பெரிய கொசு, வயிற்றில் வெள்ளைத் திட்டு. டெங்குக் கொசுவா?

பதில்: பெரும்பாலும் அது ஏடிஸ் அல்ல, ஆர்மிஜெரஸ் என்ற வேறு வகைக் கொசு. உறிஞ்சுகுழல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். புழுவின் மூச்சுக்குழலைப் பாருங்கள்: ஏடிஸில் அதன் அடிப்பகுதியில் முள்வரிசை இருக்கும், இதில் இருக்காது.