புட்டி மாறினால் மருந்து மாறுமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, ஆனேக்கல் அருகே இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் முட்டைக்கோசு போட்டிருக்கிறேன். முதல் பருவத்தில் குளோரான்ட்ரானிலிப்ரோல் ஒரே முறை தெளித்ததும் புழு அடங்கியது. இப்போது வாரத்துக்கு ஒரு முறை அடித்தும் இலை சல்லடையாகிறது. கடைக்காரர் “வேறு கம்பெனியின் புது மருந்து” என்று ஃபுளூபென்டியமைடு கொடுத்தார். அதற்கும் புழு அசையவில்லை. இது போலி மருந்தா?

பதில்: போலியாக இருக்கவே முடியாது என்று சொல்லிவிட இயலாது, ஆனால் நீங்கள் விவரித்திருப்பது, வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு மருந்துக்குப் பழகிப்போன நிலத்தின் வழக்கமான கதை. கடைக்காரர் கொடுத்தது வேறு கம்பெனியின் புட்டிதான், வேறு மருந்து அன்று. இரண்டுமே ‘டையமைடு’ என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பூச்சிக்கொல்லிகளைச் செயல்படும் விதத்தைக் கொண்டு பிரிக்கும் உலக அளவிலான பட்டியலில் இரண்டுக்கும் 28 என்ற ஒரே எண்தான். புழுவின் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ரையனோடின் ஏற்பி என்ற கதவை இவை திறந்தபடியே நிறுத்திவிடுகின்றன. தசை ஓய்ந்து, புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிட்டு ஓரிரு நாளில் சாகிறது. (மறுநாள் காலை புழு உயிரோடிருப்பதைப் பார்த்துப் பதறி, மறுபடியும் டேங்க் கலக்குபவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்த அவசரமும் எதிர்ப்புத் திறனை வளர்க்கும் உரம்தான்.) அந்தக் கதவைக் கட்டியிருக்கும் அமினோ அமிலங்களில் 4946ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் அமர்ந்துவிட்டால் போதும், குடும்பத்தின் எந்த மருந்தும் அந்தக் கதவில் சரியாகப் பற்றாது. டையமைடுகள் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், சீனா ஆகிய நாடுகளின் கோசு வயல்களில் நடந்தது இதுவே. மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துக்கொள்ளும் இந்தப் பூச்சிக்கு இது புதிதும் அன்று; 1950களில் ஜாவாவில் டி.டி.டி.யையும், பின்னர் ஹவாய் வயல்களில் பி.டி. பாக்டீரியா மருந்தையும் தாங்கிக்கொண்ட பூச்சி இது.

குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கான காப்புரிமை இந்தியாவில் 2022இல் முடிந்தபின் அதே மருந்து பல பெயர்களில், குறைந்த விலையில் வருகிறது. விலை இறங்கியது விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் பெயர் பெருகப் பெருக, மருந்தை மாற்றிவிட்டோம் என்ற மயக்கமும் பெருகுகிறது. கடையில் கம்பெனிப் பெயரைக் கேட்காமல், சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் டெக்னிக்கல் பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இந்தப் பயிருக்கு டையமைடை முழுவதுமாக நிறுத்திவிட்டு, அடுத்த தலைமுறைப் புழுவுக்கு ஸ்பைனோசாட் அல்லது இன்டாக்சகார்ப் போன்ற வேறு குடும்பத்து மருந்தையும், அதற்கும் அடுத்ததற்குப் பி.டி.யையும் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பது மாற்றம் ஆகாது. அளவிலும் கை தாராளம் வேண்டாம், குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 விழுக்காட்டு மருந்துக்குக் கோசில் பரிந்துரைக்கப்பட்ட அளவு ஏக்கருக்கு 20 மில்லி மட்டுமே.

மருந்தைக் குறைக்கும் வழியும் உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில்தான் பிறந்தது. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு என்ற முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பரிந்துரைத்தது. கோசு நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசையும், நட்ட 25ஆம் நாள் இன்னொரு வரிசையும் விதைத்தால், அந்துப்பூச்சி கோசை விட்டுக் கடுகில் முட்டையிடும். கடுகுக்கு மட்டும் மருந்து போதும். கடுகு வரிசைக்கு இடம் போகிறதே என்று தயங்குவோர் பலர். வாரந்தோறும் மருந்துக்குப் போகும் பணத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: வர்த்தூர் ஏரியோரம் கீரையும் காயும் வைத்திருக்கிறோம். பச்சை முக்கோணம் போட்ட மருந்தானால் ஏரிக்குக் கெடுதல் இல்லை என்கிறார் என் மாமனார். சரிதானா?

பதில்: தங்கள் மாமனார் தவறாகப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. புட்டியின் லேபிளில் உள்ள அந்த முக்கோணம் ஏரியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களும் பாலூட்டிகளுக்கான, அதாவது எலிகளிடம் சோதித்து மனிதருக்குக் கணித்த நஞ்சின் அளவைக் குறிப்பவை. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால்தான் சோதனை எலிகளில் பாதி சாகும் என்றால் பச்சை. டையமைடுகள் பச்சை பெற்றது இதனால்தான். தெளிப்பவரின் உடலுக்குப் பழைய ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளை விட இவை பெரிதும் பாதுகாப்பானவை என்பதும் உண்மை. ஆனால் நீரில் வாழும் டாஃப்னியா போன்ற நுண்ணிய ஓட்டுயிரிகளுக்கு இவை கொடிய நஞ்சு. மீன் உடனே சாகாது, மீனின் இரைதான் முதலில் போகும். ஃபுளூபென்டியமைடு சிதைந்து உருவாகும் பொருள் நீர்நிலைகளில் தங்கிச் சேர்கிறது என்ற காரணத்தால் அமெரிக்கா 2016இல் அதன் பதிவையே நீக்கியது. ஆகவே ஏரிக்கரையை ஒட்டிய வரிசைகளைத் தெளிக்காமல் விடுங்கள். மழை மேகம் கட்டியிருக்கும் நாளில் தெளிக்காதீர்கள். ஸ்பிரேயரை ஏரியில் கழுவவே வேண்டாம். கீரைக்கு அந்த மருந்து பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று லேபிளைப் பார்ப்பதும் அவசியம்.

கேள்வி: அல்சூரில் அடுக்குமாடி பால்கனியில் தக்காளியும் துளசியும் வளர்க்கிறேன். வெள்ளை ஈக்காக நர்சரியில் இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். அது வேர் வழியே ஏறி இலை, மகரந்தம், தேன் வரை பரவும் மருந்து. தாங்கள் துளசியை வாயில் போடுகிறீர்கள், தேனீயோ பூவில் வாய் வைக்கிறது. இந்த நியோனிகோட்டினாய்டு குடும்பத்தின் மூன்று மருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது. சாகும் அளவுக்குக் கீழான நஞ்சிலும் தேனீ கூட்டுக்குத் திரும்பும் வழியைத் தவறவிடுகிறது என்பது பிரான்ஸில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. நாலு தொட்டிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர், தேவையானால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

கேள்வி: ஸ்பைனோசாட் பாக்டீரியாவிலிருந்து கிடைப்பதாயிற்றே, அதைத் தேனீக்குப் பயமின்றி அடிக்கலாமா?

பதில்: கரீபியன் தீவொன்றில் கைவிடப்பட்ட ரம் ஆலையின் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவின் கொடைதான் அது. இருந்தாலும் ஈரம் காயாத ஸ்பைனோசாட் தேனீக்குக் கடும் நஞ்சு. காய்ந்த பிறகு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. தேனீக்கள் கூடு திரும்பிய பின், மாலை மங்கும் வேளையில் தெளித்தால் விடிவதற்குள் இலை காய்ந்துவிடும்.