எச்டிஎம்எல் கற்க எதை நம்புவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இணையப் பக்கம் எழுத உதவும் மொழியான எச்டிஎம்எல்லைச் சில மாதங்களாக நானாகவே கற்றுவருகிறேன். ஆசிரியர் என்று யாரும் இல்லை; இணையத்தில் கிடைப்பதுதான் பாடம். இப்போது தலை சுற்றுகிறது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் எச்1 என்ற முதல் நிலைத் தலைப்போடு தொடங்கலாம், அதுதான் நவீன முறை என்கிறது ஒரு பாடம். பக்கத்துக்கு ஒரே எச்1தான், மீறினால் தவறு என்கிறது இன்னொன்று. ஒரு காணொளியில் எழுத்தின் நிறத்தை மாற்ற ஃபான்ட் என்ற டேக் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் குறியீடு) போட்டுக் காட்டுகிறார்கள். நானும் போட்டேன், நிறம் மாறியது. ஆனால் அது காலாவதியானது என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால், நான் எந்தப் பக்கம் சாய்ந்து கேட்கிறேனோ அந்தப் பக்கமே அதுவும் சாய்கிறது.

டபிள்யூ3ஸ்கூல்ஸ் என்ற பயிற்சித் தளத்தின் பக்கமே போகாதே என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எச்டிஎம்எல் விதிகளை வகுக்கும் தரநிலை ஆவணத்தையே படி என்கிறார் மற்றொருவர். அதைத் திறந்தால் பிரவுசர் செய்கிறவர்களுக்காக எழுதியதுபோல் இருக்கிறது. நம்பிப் படிக்க ஓர் இடம் சொல்லுங்கள். டபிள்யூ3ஸ்கூல்ஸ் தரும் சான்றிதழ், இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி தருவதுதானா என்பதையும் சொல்லவேண்டும்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் எச்1 குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தின் மற்றக் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் எச்1 போடலாம் என்றவர் அதை மனம்போன போக்கில் சொல்லவில்லை. எச்டிஎம்எல்5 உருவான காலத்தில் தரநிலை ஆவணத்திலேயே அப்படியோர் ஏற்பாடு இருந்தது. செக்‌ஷன், ஆர்ட்டிகிள் போன்ற டேக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கு உள்ளே போகின்றன என்று பிரவுசர் கணக்கிடும்; உள்ளே இருக்கும் எச்1 தலைப்பை அதற்கேற்ப இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று தானே எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் அழகான திட்டம். பிரவுசர்கள் அதைச் செயல்படுத்தவில்லை. 2014 அக்டோபரில் டபிள்யூ3சி எச்டிஎம்எல்5ஐ இறுதிப் பரிந்துரையாக வெளியிட்டபோது, அந்தப் பகுதியிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: இந்தக் கணக்கீட்டைச் செயல்படுத்திய பிரவுசரோ திரைவாசிப்பானோ (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே இதை நம்பாமல் எச்1 முதல் எச்6 வரையிலான நிலைகளையே பயன்படுத்துங்கள் என்று. பாடம் எழுதிய பலர் ஏற்பாட்டைப் படித்தார்கள், எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2022இல் அந்த ஏற்பாடே ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டது. அதைச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் நீக்கப்படவில்லை. அவற்றில் ஒன்றுதான் உங்கள் கையில் சிக்கியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திட்டத்தின் தோற்றத்தை மட்டும் பிரவுசர்கள் எடுத்துக்கொண்டன. செக்‌ஷனுக்குள் போட்ட எச்1, எச்2 அளவுக்குச் சிறுத்துத் தெரிந்தது. கற்பவர் எழுதிப் பார்ப்பார், எழுத்து சிறுக்கும், பாடம் சொன்னது சரிதான் என்று முடிவுகட்டுவார். அதே பக்கத்தைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கிறவருக்கோ எல்லாமே முதல் நிலைத் தலைப்பு. இந்தச் சிறுக்கும் அளவை 2025இல்தான் பிரவுசர்கள் கைவிடத் தொடங்கின. செய்துபார்த்தால் தெரிந்துவிடும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இந்த விஷயத்தில் செய்துபார்த்தவர்தான் அதிகம் ஏமாந்தார்.

ஒரே எச்1, மீறினால் தவறு என்றவரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். ஒன்றுக்கு மேல் போடத் தடையில்லை. போட்டால் எல்லாம் முதல் நிலையாகவே எண்ணப்படும், அவ்வளவுதான். பக்கத்தின் பெயருக்கு ஒரு எச்1, பகுதிகளுக்கு எச்2, உட்பகுதிகளுக்கு எச்3 என்று போவது நல்ல வழக்கம். அப்படியே செய்யுங்கள்.

இனி, நம்பிப் படிக்க ஓர் இடம். ஒன்று போதாது. எப்படித் தொடங்குவது என்று கேட்டால் பதில் தருவது பாடம். இந்த டேக்கை எப்படிப் பயன்படுத்துவது, எந்தப் பிரவுசரில் வேலை செய்யும் என்று கேட்டால் உசாத்துணைத் தளம். எது அனுமதிக்கப்பட்டது, எது இல்லை என்று இரண்டு பேர் சண்டையிட்டால் தரநிலை ஆவணம். பாடத்தைக் கொண்டு சண்டையைத் தீர்க்கப் பார்ப்பதால்தான் உங்களுக்குத் தலை சுற்றுகிறது.

தரநிலை ஆவணத்தைக் கண்டு மிரள்வது இயல்பு. அச்சிட்டால் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். ஆனால் அதை யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. அகராதியைப் புரட்டுவதுபோலத் தேவையான இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடவேண்டும். பிரவுசர் செய்கிறவர்களுக்கான பகுதிகளை நீக்கிவிட்டு, பக்கம் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பதிப்பும் வைத்திருக்கிறார்கள். கீழே நான் சொல்லும் வாட்விக் ஆவணத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ‘டெவ்’ என்ற சொல்லும் சேர்த்தால் அது வரும். அதைத் திறந்து, பத்தியைக் குறிக்கும் பி டேக்கைத் தேடுங்கள். விளக்கத்துக்கு முன்னால் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும்: இந்த டேக் எங்கே வரலாம், இதற்குள் என்ன வரலாம், மூடும் டேக்கை எப்போது விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்று வரிகள்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்துபாருங்கள். ஒரு பத்தியைத் தொடங்கி, அதற்குள் யுஎல் பட்டியல் ஒன்றைப் போட்டு, பட்டியல் முடிந்ததும் பத்தியை மூடுங்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. இதையே டபிள்யூ3சி தளத்தில் உள்ள சரிபார்ப்பானில் ஒட்டினால், திறந்திருக்கும் பி எதுவும் இல்லாதபோது பியை மூடும் டேக் வந்திருக்கிறது என்று சொல்லும். நான்தான் திறந்தேனே என்று கோபம் வரும். கட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். பத்திக்குள் வரக்கூடியவை தொடர்ந்து ஓடும் எழுத்தும் அதனிடையே வரும் இணைப்பு, அழுத்தம், படம் போன்றவையும்தான். பட்டியல் அதில் இல்லை. ஆகவே யுஎல் தொடங்கியதுமே பிரவுசர் பத்தியைத் தானாக மூடிவிடுகிறது. கடைசியில் நீங்கள் போட்ட மூடும் டேக்குக்கு ஜோடி இல்லை. அதற்கும் பிரவுசர் ஒரு வெற்றுப் பத்தியை உருவாக்கிவைக்கிறது. பட்டியலுக்குக் கீழே காரணம் தெரியாத இடைவெளி வந்தால் இந்த வெற்றுப் பத்தியையும் சந்தேகப்படுங்கள்.

சரிபார்ப்பானைக் கும்பிடவும் வேண்டாம். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் மாற்று எழுத்தில் ‘படம்’ என்று மட்டும் எழுதினாலும் அது பேசாமல் விட்டுவிடும். இலக்கணப் பிழையைத்தான் அது பிடிக்கும்.

எந்தத் தரநிலை ஆவணம் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டபிள்யூ3சி 1994இல் தொடங்கியது, எச்டிஎம்எல் 4.01 அதன் வெளியீடு, ஆண்டு 1999. பிறகு அந்த அமைப்பு எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் பக்கம் போனது பிடிக்காமல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா நிறுவனத்தினர் 2004இல் வாட்விக் என்ற தனிக்குழுவைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் இரண்டு அமைப்புகளும் தனித்தனி எச்டிஎம்எல் ஆவணங்களை வைத்திருந்தன. 2019 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. இன்று எச்டிஎம்எல்லுக்கு வாட்விக் பராமரிக்கும் ஆவணம் ஒன்றுதான். அதற்குப் பதிப்பு எண் கிடையாது. தொடர்ந்து திருத்தப்படுகிறது, கடைசியாகத் திருத்திய தேதி மேலேயே இருக்கும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் இன்னமும் டபிள்யூ3சியிடம்தான். பழைய ஆவணங்களும் இணையத்தில் அப்படியே கிடப்பதால் தேடுபொறி சில சமயம் 1999க்குக் கொண்டுபோய் விட்டுவிடும். வந்து சேர்ந்த இடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

அன்றாட உசாத்துணைக்கு எம்டிஎன் என்ற தளம். தயங்காமல் சொல்கிறேன், அதற்கு இணையாக இன்னொன்று இல்லை. 2005இல் மொசில்லா தொடங்கியது. பிற்பாடு கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற போட்டியாளர்களும் சேர்ந்து எழுத முன்வந்தார்கள். ஒரே நிறுவனத்தின் விளம்பரமாக அது மாறாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு டேக்கின் பக்கத்தைத் திறந்தால் விளக்கத்தைப் படித்ததோடு மூடிவிடாதீர்கள். கீழே எந்தப் பிரவுசரின் எந்தப் பதிப்பிலிருந்து அது இயங்குகிறது என்ற அட்டவணை இருக்கும். தரநிலை ஆவணத்தில் அந்த டேக் வரும் இடத்துக்கே கொண்டுபோகும் இணைப்பும் இருக்கும். மேலே ‘பேஸ்லைன்’ என்ற பட்டையைக் காணலாம். 2023இல் வந்த ஏற்பாடு இது. முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்துசேர்ந்தால் புதிது என்றும், அதன்பின் 30 மாதங்கள் கடந்தால் பரவலானது என்றும் சொல்லும். பரவலானதை மட்டும் வைத்துக்கொண்டு இப்போதைக்குக் காலம் தள்ளலாம்.

டபிள்யூ3ஸ்கூல்ஸ் மீதான கோபம் பழையது. பிழைகள் மலிந்த தளம் என்று 2011இல் சில உருவாக்குநர்கள் சேர்ந்து கண்டனப் பக்கமே வைத்தார்கள். பிறகு அந்தத் தளம் பலவற்றைத் திருத்திக்கொண்டது, கண்டித்தவர்களும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் விளைவைக் காட்டும் அதன் பயிற்சிக் கட்டம் தொடக்க நிலையில் நல்ல துணை. தாராளமாகப் போங்கள். வாதத்தில் சாட்சிக்கு மட்டும் அதை அழைக்காதீர்கள்.

ஃபான்ட் டேக் விவகாரத்தில் உங்களை எச்சரித்தவர்கள் சொன்னதே சரி. 1997இல் வந்த எச்டிஎம்எல் 4.0லேயே அது கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டுவிட்டது. இப்போதைய ஆவணத்தில் பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியலில் இருக்கிறது. பிறகு எப்படி நிறம் மாறியது? பழைய பக்கங்கள் உடையக் கூடாது என்பதால், எழுதுகிறவருக்கு விலக்கிய டேக்கையும் பிரவுசர் காட்டத்தான் வேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது. நிறத்துக்கு சிஎஸ்எஸ் போதும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எது சரி என்று கேட்காதீர்கள். தரநிலை ஆவணத்தில் இது எந்தப் பகுதியில் வருகிறது என்று கேளுங்கள். சொன்ன பகுதியை நீங்களே திறந்து பாருங்கள். சில நேரம் அப்படியொரு பகுதியே இருக்காது.

சான்றிதழ்: டபிள்யூ3ஸ்கூல்ஸ் ஒரு நார்வே நாட்டுத் தனியார் நிறுவனத்தினுடையது. பெயர் ஒத்திருக்கிறதே தவிர டபிள்யூ3சியோடு அதற்குத் தொடர்பில்லை. சான்றிதழும் அந்த நிறுவனம் தருவதுதான். பணம் கட்டி வாங்குவதா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் அந்த நேரத்தில் ஒரு முழுப் பக்கத்தை எழுதி, சரிபார்ப்பானில் ஒட்டி, வரும் பிழைகளைக் கட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அப்படி ஒன்று எழுதினால் அதன் மூலத்தை அனுப்புங்கள். தலைப்பு நிலைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.